ஏ கிரேடு நாக்கு

“சார், அந்த மாத்திரை டப்பாவ ஒருவாட்டி காட்டுங்க. லேபிளப் படிக்கணும்.”

எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்காதே என்று நாகவல்லிக்கு மூன்று பேர் சொல்லியிருந்தார்கள். மாத்திரை வந்த அன்றே, சாமான்களைக் கொக்கியில் மாட்டும் லைனில் இருக்கும் சபீனா சொன்னாள். பயிற்சி வகுப்பில் மனிதவள மேலாளர் கோகுல்நாத் திரையில் படம் போட்டுச் சொன்னார். அவளுடைய அப்பா வேம்புலி, தினமும் காலையில் கோவில்பதாகையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது சொன்னார்: “டப்பாவப் பத்தி மட்டும் வாயத் தொறக்காத கண்ணு. ஆறு மாசம் முடியட்டும். வேல கன்ஃபர்ம் ஆவட்டும். அப்பால இன்னா வேணா கேளு.”

ஆறு மாதம் முடிய இன்னும் ஒன்பது நாள் இருந்தது. கேட்டுவிட்டாள்.

கோகுல்நாத் பேனாவை மூடினார். எழுந்து போய்க் கதவையும் மூடினார். திரும்பி வந்து உட்கார்ந்து, “உன்னை யார் கேக்கச் சொன்னது?” என்றார்.

“யாரும் சொல்லல சார். படிச்சிருக்கேன், அதான் கேக்கறேன்.”

“அதான் பிரச்சினையே” என்றார் அவர், வருத்தமாக.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சுடர்க்கொடி கோட்டிங்ஸ் என்றால் எல்லோருக்கும் தெரியும். இரும்புச் சாமானைக் கொக்கியில் மாட்டி, அதன்மேல் வண்ணப் பவுடரைப் பூசி, ஓவனில் சுட்டுப் பளபளவென்று அனுப்பும் கம்பெனி. டிராக்டர் மூடி, மின்விசிறிக் கூண்டு, ஆஸ்பத்திரிக் கட்டிலின் கால் என்று எது வந்தாலும் மாட்டுவார்கள். வேம்புலி எட்டு வருஷமாக அங்கே மாட்டுகிறார். எட்டு வருஷமும் ஒப்பந்தத் தொழிலாளிதான். அவருடைய மகள் வேதியியலில் பட்டம் வாங்கி, அதே கம்பெனியின் தரப் பிரிவில் கோப்புகளுக்கு எண் போடும் வேலையில் சேர்ந்திருந்தாள். அடுத்தவர் நிலத்தில் களை பறித்த குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள். ஏசி ஓடும் அறையில் மகள் உட்கார்ந்திருக்கிறாள் என்பதைக் கண்ணாடி வழியாகப் பார்ப்பதற்காகவே வேம்புலி நாளைக்கு இரண்டு முறை அந்தப் பக்கமாகத் தண்ணீர் குடிக்கப் போவார்.

மாத்திரை எப்படி வந்தது என்பது ஒரு தனி வரலாறு. அது கம்பெனியின் கோப்பில் முறைப்படி பதிவாகியிருக்கிறது.

போன மழைக்காலத்தில் பதினோரு பேர் காய்ச்சலில் படுத்துவிட்டார்கள். ஒரு லோடு இரண்டு நாள் தாமதமாகப் போனது. சரக்கு வாங்கும் பெரிய கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது: காரணம் என்ன, திருத்த நடவடிக்கை என்ன, மாலை ஐந்து மணிக்குள் பதில் வேண்டும். இதற்கென்று ஒரு படிவம் உண்டு. அதில் ‘ஏன்?’ என்று ஐந்து கட்டம் இருக்கும். கோகுல்நாத் நிரப்பினார். லோடு ஏன் தாமதம்? லைன் நின்றது. ஏன் நின்றது? ஆள் இல்லை. ஏன் இல்லை? காய்ச்சல். ஏன் காய்ச்சல்? எதிர்ப்புச் சக்தி குறைவு. அது ஏன் குறைவு? அப்போது மணி நாலு ஐம்பத்தாறு. அவருடைய மேஜைமேல், சளி பிடித்திருந்ததற்காக அவர் மனைவி கொடுத்தனுப்பிய வைட்டமின் சி டப்பா இருந்தது. ‘வைட்டமின் சி பற்றாக்குறை’ என்று எழுதி அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போனார்.

கான்டீனுக்குப் பின்னால் கணுக்கால் அளவுக்குத் தேங்கிக் கிடந்த தண்ணீரும் அதில் பெருகிய கொசுவும் ஆறாவது கேள்வியில் வந்திருக்கும். படிவத்தில் ஐந்து கட்டம்தான்.

எழுதியதை நிறைவேற்ற வேண்டுமல்லவா? அடுத்த திங்கட்கிழமையிலிருந்து கேட்டில் நுழையும் ஒவ்வொருவருக்கும் ஆரஞ்சு நிறத்தில் மெல்லும் மாத்திரை ஒன்று கொடுத்தார்கள். ஆனால் பெரிய கம்பெனிக்கு ஆதாரம் வேண்டும். மாத்திரை கொடுத்ததற்குக் கணக்கு இருக்கிறது. உள்ளே போனதற்கு என்ன ஆதாரம்? மூன்று மணி நேரம் கூடிப் பேசிவிட்டு, கண்ணால் பார்க்கக்கூடிய ஆதாரம் நாக்கு ஒன்றுதான் என்று முடிவு செய்தார்கள். மாத்திரை மென்றால் நாக்கு ஆரஞ்சாகும்.

ஆரஞ்சு என்றால் எந்த ஆரஞ்சு? இது வேறு எந்தக் கம்பெனிக்கும் தோன்றியிருக்காத கேள்வி. வண்ணம் பூசுகிற கம்பெனிக்குத் தோன்றிவிட்டது. அங்கே ‘சிவப்பு’ என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். எந்தச் சிவப்பு, எத்தனையாம் எண் என்பார்கள். இருபத்திரண்டு வருஷமாக நிறம் ஒத்துப் பார்க்கும் ஏகாம்பரத்தைக் கூப்பிட்டார்கள். அவர் ஐந்து தகரத் துண்டுகளில் அடர் ஆரஞ்சிலிருந்து வெளிர் ஆரஞ்சு வரைக்கும் பவுடர் பூசிச் சுட்டு, வளையத்தில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். ஒன்றும் இரண்டும் ஏ கிரேடு. மூன்று பி. நான்கு சி. ஐந்து கழிவு. கழிவு என்றால் கையில் மஞ்சள் அட்டை கட்டி ‘ரீவொர்க்’, அதாவது இன்னொரு மாத்திரை. நிறம் வரும்வரை ரீவொர்க்.

“எம் மாமியாகூட என் நாக்க இப்டிப் பாத்ததில்லடி” என்றாள் சபீனா.

காலை ஏழரை மணிக்கு, கிழக்கு வெளிச்சத்தில், கேட்டுக்கு உட்புறம் இருநூறு பேர் வரிசையாக நாக்கை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். ரோட்டில் ஷேர் ஆட்டோக்கள் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போகும்.

“இன்னும் நீட்டு. இன்னும். அந்தாண்ட திரும்பு, நெழல் விழுது” என்பார் ஏகாம்பரம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு தகரத்தை நாக்குக்குப் பக்கத்தில் பிடிப்பார். “ஓரம் ஏ, நடு சி. பூச்சு சமமா இல்ல. ரீவொர்க்.”

இரண்டாவது வாரம், பவுடர் மூட்டை இறக்க வந்த லாரி டிரைவர் ஒருவரையும் வரிசையில் நிறுத்திவிட்டார்கள். அவர் மாத்திரையைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. வாய் நிறையப் பான் போட்டிருந்தார். ஏகாம்பரம் தகரத்தைக் கீழே இறக்கிவிட்டு மரியாதையாக ஒரு அடி தள்ளி நின்று, “இருவத்ரெண்டு வருசத்துல இப்டி ஒரு ஃபினிஷிங் பாத்ததில்ல” என்றார். டிரைவரின் நாக்கைப் படம் எடுத்து, ‘இலக்கு’ என்று தலைப்பிட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள்.

மாத்திரைகளை ஓவனுக்குப் பக்கத்து அலமாரியில் வைத்திருந்தார்கள். மழைக்கு அந்த இடம்தான் கதகதப்பாக இருக்கும் என்று. சூடும் ஈரமும் பட்டு, பத்தே நாளில் மாத்திரைகளில் பழுப்புப் புள்ளி விழுந்தது. அப்படிப் புள்ளி விழுந்தால் மருந்து கெட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நாகவல்லி போய்ச் சொன்னாள். ஏகாம்பரம் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, “ஷேடு லேசா மாறிகீது. ஏத்துக்கலாம்” என்று குறித்துக்கொண்டார்.

வேம்புலிக்கு ஒரு பழக்கம். கேட்டுக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் சூடாக ஒரு டீ குடிக்காமல் உள்ளே வரமாட்டார். டீ குடித்த நாக்கில் சாயம் பிடிக்காது.

“இன்னா வேம்புலி, டீயா?”

“ஒரு வாய்தான் அண்ணாத்தே.”

“அஞ்சாம் நம்பர். ரீவொர்க்.”

இரண்டாவது மாத்திரை. “நாலுகூட வர்லியே.” மூன்றாவது. “வர்து, வர்து.” நான்காவது மாத்திரையில் வேம்புலி பி கிரேடு ஆகி உள்ளே போவார். தினமும் நான்கு. இருபத்தாறு வேலைநாளில் நூற்றிநான்கு மாத்திரை. கம்பெனியில் வேறு யாரும் இந்த எண்ணிக்கைக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. மாதக் கடைசியில் கணினி தானாகவே ‘எதிர்ப்புச் சக்தி நாயகன்’ என்று வேம்புலியின் பெயரைத் துப்பியது. அவரைச் சுவரோரம் நிறுத்திப் படம் எடுத்து, கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார்கள்.

விஷயம் என்னவென்றால், வேம்புலிக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் சிறுநீரகத்தில் கல் இருந்தது. அரசு ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் படுக்கவைத்து எடுத்தார்கள். ஒரு முறை கல் கட்டிய உடம்பு, இனி கவனமாக இருக்க வேண்டும். தண்ணீர் நிறையக் குடி, உப்பைக் குறை, வைட்டமின் மாத்திரையையெல்லாம் எங்களைக் கேட்காமல் முழுங்காதே என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

அதனால்தான் நாகவல்லி லேபிளைக் கேட்டாள்.

“லேபிள் இல்ல” என்றார் கோகுல்நாத்.

“டப்பா வரும்போது இருக்குமே சார்.”

“வரும்போது இருக்கும். ஸ்டோர்ல உரிச்சிடுவாங்க. ஒரு பொருளுக்கு ஒரு அடையாளம்தான் இருக்கணும்னு நம்ம விதி. நாம ஒரு ஸ்டிக்கர் ஒட்டறோம், கச்சாப்பொருள் நூத்தியேழு. ரெண்டும் இருந்தா தொழிலாளி எதைப் படிப்பான்? குழப்பம் வரும். குழப்பத்தத் தவிர்க்கத்தான் தகவலை எடுத்துடறோம்.”

“ஒரு மாத்திரைல எத்தன மில்லிகிராம்னு தெரியணும் சார்.”

“ஒரு மாத்திரைன்னா ஒரு மாத்திரை. நாம எண்ணிக்கைல போறோம், எடைல போகல.”

நாகவல்லியை யாரும் உட்காரச் சொல்லவில்லை, அவளே நாற்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டாள். “சார், ஒரு மனுஷனுக்கு நாளைக்கு நூறு மில்லிகிராம்கூட வேணாம். ஒரு கொய்யாப்பழம் தின்னா அதுக்கு மேலயே கெடச்சிடும். கூடுதலா போறத உடம்பு சேத்து வெச்சுக்காது, மூத்திரத்துல கழிச்சுடும். அதுல ஒரு பங்கு ஆக்சலேட்டா மாறும். கல்லு வந்த ஆளுக்கு மறுபடி கல்லு கட்ட அது போதும். எவ்ளோ பெரிய ஆளா இருந்தாலும் ரெண்டாயிரத்தத் தாண்டக் கூடாதுன்னு போட்டிருக்கான். எங்கப்பா எத்தன தின்றாருன்னு உங்களுக்கே தெரியாதுன்றீங்க.”

“தெரியாதா? நூத்தி நாலு!” என்று முகம் மலர்ந்தார் கோகுல்நாத். “உங்கப்பா நம்ம நாயகன்மா. நீ பெருமைப்படணும்.”

“கொய்யாப்பழம் குடுங்க சார். கான்டீன்ல நெல்லிக்கா ஊறுகாயத் தவிர ஒரு காய் பழம் கெடயாது.”

“கொய்யாவுக்கு ஆதாரம் எங்க இருக்கு? நாக்குல ஒட்டுமா?”

“நாக்குல ஒட்றது சாயம் சார். வைட்டமின் சி வெள்ள. அதுக்கு நெறமே கெடயாது.”

கோகுல்நாத் முன்னால் சாய்ந்து, குரலைத் தாழ்த்தி, மிகவும் அன்பாகச் சொன்னார்: “அடுத்த புதன்கிழமை ஆடிட் வருது. உன் கன்ஃபர்மேஷன் ஆர்டர் என் டிராயர்ல டைப் அடிச்சு ரெடியா இருக்கு. இந்த ‘வெள்ளை’ங்கற வார்த்தையை நீ யார்கிட்டயும் சொல்லாத.”

வீட்டில் வேம்புலி ஒருக்களித்துப் படுத்து, வலது விலாவுக்குக் கீழே கையை அழுத்திக்கொண்டிருந்தார்.

“இன்னா நைனா?”

“வாயுமா.”

“வாயு முதுகுலேர்ந்து தொடைக்கு எறங்குமா? மூத்திரம் எப்டிப் போவுது?”

“பொண்ணு கேக்கற கேள்வியா இது?”

“நாளைலேர்ந்து மாத்திரையத் துப்பிடு. சபீனா ஆரஞ்சு மிட்டாய் வாங்கித் தரேன்னா. லைன்ல பாதிப்பேர் அத்தச் சப்பிக்கினுதான் ஏ கிரேடு வாங்கறானுங்க.”

வேம்புலி எழுந்து உட்கார்ந்தார். “மிட்டாய சப்பினு நாயகன்னு நிக்கச் சொல்றியா? எட்டு வருசத்துல முதலாளி என் பேரச் சொல்லிக் கூப்ட்டது இந்த மாசந்தான். பர்மனென்ட் பண்ணலாம்னு பேச்சு கீதாம். மாட்டிக்கினா என் வேலயும் போவும், உன் கன்ஃபர்மும் போவும். வாய மூடிக்கினு இருமா. நீயி படிச்சவ, நான் ஒத்துக்கறேன். உன் படிப்ப வெச்சிக்கினு என் வயித்துல கை வெக்காத.”

அவளுக்குச் சொல்வதற்கு இருந்ததெல்லாம் கத்தலாக வந்திருக்கும். அவர் முன்னால் ஒரு சொம்புத் தண்ணீரை வைத்து, குடித்து முடிக்கும்வரை இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. கம்பெனி கிளினிக்குக்குப் போனாள்; அங்கே வாரம் ஒரு நாள் வரும் நர்ஸ், மாத்திரை மருந்துப் பட்டியலில் இல்லை, கச்சாப்பொருள் பட்டியலில் இருக்கிறது, எனக்குச் சம்பந்தமில்லை என்றாள். ஸ்டோருக்குப் போனாள், லேபிளைப் பார்க்க வேண்டுமானால் ஆவணக் கோரிக்கைப் படிவம் தா என்றார்கள். அந்தப் படிவத்தில், பார்க்க வேண்டிய ஆவணத்தின் எண்ணை எழுத வேண்டும். அந்த எண் லேபிளில் இருந்தது. அரசு ஆஸ்பத்திரி டாக்டர் கொடுத்த பழைய சீட்டை நகல் எடுத்துக் கொடுத்தாள். வேம்புலி உற்பத்தி ஒப்பந்தத்தின் கீழ் வருகிறார், அவருடைய உடல்நிலைச் சான்று ஒப்பந்தக்காரரின் வழியாகத்தான் வர வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். ஒப்பந்தக்காரருக்குப் போன் செய்தால், “எம் பையனுக்கு உங்க கம்பெனியில எதுனா வேல கீதா?” என்று கேட்டார்.

செவ்வாய்க்கிழமை மதியம் சபீனாவை இழுத்துக்கொண்டு கான்டீனுக்குப் பின்னால் கழிவுத் தொட்டிக்குப் போனாள். தேங்கிய தண்ணீர் அங்கேயேதான் இருந்தது. செங்கல்மேல் கால் வைத்துத் தாண்டிப் போய்க் குப்பையைக் கிளறினார்கள்.

“நாலு வருசம் காலேஜுக்குப் போயி இன்னாடி படிச்ச, குப்ப பொறுக்கவா?”

“மூணு வருசம்தான். கிண்டு.”

நாற்பது டப்பாக்களின் லேபிள்களும் ஒன்றோடொன்று ஒட்டிப் பந்துபோல உருட்டிக் கிடந்தன. நாகவல்லி ஒன்றை நகத்தால் பிரித்தெடுத்துச் சுவரில் ஒட்டி வாசித்தாள். ஒவ்வொரு மாத்திரையிலும் ஐநூறு மில்லிகிராம். நாளைக்கு ஒன்று, அல்லது மருத்துவர் சொன்னபடி. குளிர்ந்த, உலர்ந்த, வெளிச்சம் படாத இடத்தில் வைக்கவும். சிறுநீரகக் கல் இருந்தவர்கள், இரும்புச் சத்து கூடுதலாக உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உட்கொள்ளக் கூடாது. காலாவதித் தேதி போன மாதத்தோடு முடிந்திருந்தது.

“அப்ப உங்க நைனா டெய்லி ரெண்டாயிரம் தின்னுகினு கீறாரு” என்றாள் சபீனா. சிரிக்கவில்லை.

நாகவல்லி அந்த லேபிளைப் படம் எடுத்தாள். ஓவன் பக்கத்து அலமாரியை, புள்ளி விழுந்த மாத்திரையை, தேங்கிய தண்ணீரை, மஞ்சள் அட்டை கட்டிய கைகளைப் படம் எடுத்தாள். சாயங்காலம் அப்பாவிடம் காட்டினாள். வேம்புலி கண்ணாடி போட்டுக்கொண்டு, எழுத்துக் கூட்டி, பாதிவரை படித்தார். “நாளிக்கு ஆடிட். மேடைல கூப்ட்றாங்க. அத்த முடிச்சிட்டு நிறுத்திடறேன், உன் மேல சத்தியம்” என்றார்.

புதன்கிழமை காலையில் வேம்புலி புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். டீ குடித்திருந்தார். நான்கு மாத்திரை ஆயிற்று. ஆடிட் நாள் என்பதால் ஏ கிரேடு வந்தால்தான் உள்ளே விடுவேன் என்று ஏகாம்பரம் ஐந்தாவதும் கொடுத்தார்.

பெரிய கம்பெனியிலிருந்து வந்த ஆடிட்டர், ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர், வரிசையாக நீண்டிருந்த நாக்குகளின் முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். ஏகாம்பரத்தின் தகர வளையத்தை வாங்கிப் பார்த்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“இந்த அளவுகோலைக் கடைசியாக எப்போது சரிபார்த்தீர்கள்? எதை வைத்து?”

கோகுல்நாத்தின் முகம் வெளுத்தது. ஏகாம்பரம் அசரவில்லை. “மாஸ்டர் பீஸ் கீது சார், அத்தோட ஒத்துப் பாப்பேன்” என்று சொல்லிவிட்டுத் தன் நாக்கை நீட்டினார். இருபத்திரண்டு வருஷ வெற்றிலை அதில் இருந்தது.

ஆடிட்டர் நோட்டில் ஏதோ எழுதினார். எல்லோரும் மேடைக்குப் போனார்கள்.

நிர்வாக இயக்குநர் உத்தமன் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேசினார். “என் அருமைத் தொழிலாளர் குடும்பமே! மற்ற கம்பெனிகள் இயந்திரத்தைக் கவனிக்கின்றன. நாம் மனிதனைக் கவனிக்கிறோம். இயந்திரத்துக்கு எப்படி எண்ணெய் விடுகிறோமோ அப்படியே உங்களுக்கு மாத்திரை விடுகிறோம். எண்ணெய் எவ்வளவு என்று இயந்திரம் என்றைக்காவது கேட்டிருக்கிறதா? கேட்டதில்லை! அதனால்தான் அது ஓடுகிறது. சிலர் கேட்கிறார்கள், எங்களுக்குக் கையுறை எங்கே, புகைபோக்கி எப்போது சரியாகும், தேங்கிய தண்ணீரை எப்போது இறைப்பீர்கள் என்று. நான் சொல்கிறேன், வெளியே இருப்பதை மாற்ற ஆரம்பித்தால் அதற்கு முடிவே கிடையாது. உள்ளே பலமாகிவிடுங்கள்! அப்புறம் எந்தத் தண்ணீர் எங்கே தேங்கினால் உங்களுக்கென்ன?”

கைதட்டச் சொல்லி கோகுல்நாத் கையைக் காட்டினார். தட்டினார்கள்.

“நமது நாயகன், திரு. வேம்புலி!”

வேம்புலி படியேறினார். உத்தமன் பொன்னாடையை விரித்துப் போர்த்தினார். ஒலிபெருக்கியைக் கொடுத்து, “ரெண்டு வார்த்தை” என்றார்.

“ஐயாவுக்கு வணக்கம்” என்றார் வேம்புலி. அது இரண்டு வார்த்தைதான். மூன்றாவது வரவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு மடங்கினார். பொன்னாடைமேலேயே வாந்தி எடுத்தார். முகமெல்லாம் வியர்த்து, முட்டி போட்டு மேடையில் உட்கார்ந்துவிட்டார்.

உத்தமன் ஒலிபெருக்கியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். “உணர்ச்சிவசப்பட்டுவிட்டார்” என்றார். “இதுதான் விசுவாசம்.”

நாகவல்லியும் சபீனாவும் ஓடிப்போய் அவரைத் தூக்கிக் கேட் பக்கம் நடத்தினார்கள். ஏகாம்பரம் குறுக்கே நின்றார். ஆடிட் நாளில் தரம் பார்க்காமல் எதுவும் வெளியே போகக் கூடாதாம். வாந்தி எடுத்ததில் வேம்புலியின் நாக்கு வெளுத்திருந்தது.

“அஞ்சுகூட இல்லியே வல்லி. நான் இன்னாத்த எழுதறது? மேல போயி கேட் பாஸ்ல ஒரு கையெழுத்து வாங்கினு வந்துடு, தொறந்துடறேன். என் பொழப்பையும் பாரு.”

அப்பாவைச் செக்யூரிட்டி பெஞ்சில் சாய்த்து, சபீனாவை ஆட்டோ பிடிக்கச் சொல்லிவிட்டு நாகவல்லி படியேறினாள். நடுப்படியில் ஒரு நிமிஷம் நின்றாள். போனை எடுத்தாள். நேற்றே எழுதி, அனுப்பாமல் வைத்திருந்த மனு அதில் இருந்தது. தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்துக்கும் உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்குமாக எழுதிய மனு, படங்களோடு. அனுப்பினாள். போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு மீதிப் படிகளை ஏறினாள்.

கூட்ட அறையில் அவசரக் கூட்டம் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. உத்தமன், கோகுல்நாத், இன்னும் நான்கு மேலாளர்கள். பிரச்சினை, வேம்புலியை எந்தப் படிவத்தில் எழுதுவது என்பது.

“வாடிக்கையாளர் முன்னால நடந்திருக்கு சார். வாடிக்கையாளர் புகார்ல வரும்.”

“அவர் புகார் எதுவும் சொல்லலையே? உள்ளக நிராகரிப்புல போடு.”

“நிராகரிப்புன்னா நம்ம செய்முறைல தப்புன்னு ஆகும் சார்” என்றார் கோகுல்நாத். “நான் யோசிச்சிட்டேன். கல்லு அவருக்கு முன்னாடியே இருந்திருக்கு. அவரோட சீட்டு என்கிட்டயே இருக்கு, அவங்க பொண்ணுதான் குடுத்துச்சு. அப்போ வரும்போதே இருந்த குறை. கச்சாப்பொருள் குறை. சப்ளையர் பொறுப்பு.”

“சப்ளையர் யாரு?” என்றார் உத்தமன்.

“ஒப்பந்தக்காரர். ரொம்ப ஆழமாப் போனா, அவரோட அம்மா அப்பா.”

உத்தமன் மேஜையைத் தட்டினார். “பிரமாதம்.”

“சார், கேட் பாஸ்” என்றாள் நாகவல்லி. “எங்க நைனா துடிச்சிக்கினு கீறாரு. ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போவணும்.”

மேலாளர்கள் முன்னால் அவள் அந்த வீட்டுப் பேச்சைப் பேசி யாரும் கேட்டதில்லை. கோகுல்நாத் மட்டும் பதறாமல் எழுந்தார். கையோடு கொண்டுவந்திருந்த கோப்பிலிருந்து மூன்று தாள்களை எடுத்து மேஜைமேல் வரிசையாக வைத்தார். ஒன்று கேட் பாஸ். இன்னொன்று அவளுடைய கன்ஃபர்மேஷன் ஆர்டர், கையெழுத்தோடு. நடுவில் இருந்தது கச்சாப்பொருள் குறை அறிக்கை. பொருள்: வேம்புலி. குறை: கல். மாத்திரையால் ஏற்பட்ட பாதிப்பு: இல்லை. அடியில் ‘தயாரித்தவர்’ என்ற இடம் காலியாக இருந்தது.

“நீதான் தரப் பிரிவு. நீதான் கெமிஸ்ட்ரி. நீ சொன்னா ஆடிட்டர் ஏத்துப்பார். நடுவுல இருக்கறதுல கையெழுத்து போடு, மத்த ரெண்டையும் எடுத்துக்கோ. வெளிய என் கார் நிக்குது, டிரைவரை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்றேன். இதுக்கு மேல ஒரு கம்பெனி என்ன பண்ணணும்?”

நாகவல்லி பேனாவை எடுத்தாள். ‘பாதிப்பு: இல்லை’ என்பதில் ‘இல்லை’யை அடித்தாள். பக்கத்தில் எழுதினாள்: ‘ஒருவர். ஐநூறு மில்லிகிராம் வீதம் நாளொன்றுக்கு நான்கு, இன்று ஐந்து. கல் இருந்ததென்று தெரிந்தும் கொடுக்கப்பட்டது.’ தயாரித்தவர் என்ற இடத்தில் முழுப் பெயரையும் பட்டத்தோடு எழுதினாள்: வே. நாகவல்லி, பி.எஸ்ஸி. அடியில் தேதியும் நேரமும் போட்டாள். அறிக்கைக்கு எண் போடுவதும் அவள் வேலைதான், அதையும் போட்டாள். பிறகு தாளைப் போனில் படம் பிடித்துக்கொண்டாள்.

“இது செல்லாது” என்றார் உத்தமன். “அடித்தல் திருத்தல் இருந்தா செல்லாது.”

“அப்போ இதை எந்த வகைல சேர்க்கறது சார்?” என்று ஒரு மேலாளர் கேட்டார். அவர் உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அதைப் பற்றி அவர்கள் பேச ஆரம்பித்தார்கள். கேட் பாஸையும் கன்ஃபர்மேஷன் ஆர்டரையும் எடுக்காமல் நாகவல்லி கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள்.

கீழே ஏகாம்பரம் தகர வளையத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். “கையெழுத்து ஆச்சா?”

“தள்ளு அண்ணாத்தே.”

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் தள்ளினார். அவளே தாழ்ப்பாளை நீக்கி, கேட்டின் இரண்டு கதவையும் திறந்தாள். ரோட்டில் ஆட்டோவுக்குள் பாதி, வெளியே பாதியாக நின்றுகொண்டு சபீனா கத்தினாள்: “சீக்கிரம் வாடி, மீட்டர் இல்லாத ஆளு இவன், பேசிக்கினே கீறான்!”

வேம்புலி பெஞ்சிலிருந்து எழ முயன்றார். நாகவல்லி அவர் கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

“கன்ஃபர்ம் ஆயிடுச்சா?” என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

“ஆவல.”

“என் வேல?”

“அதுவும் இனிமே கெடயாது நைனா. நான்தான் முடிவு பண்ணேன். திட்றதுன்னா ஆட்டோல ஏறித் திட்டு.”

வேம்புலி திட்டினார். ஆட்டோ வரைக்கும், இரண்டு அடிக்கு ஒரு வார்த்தை வீதம், மூச்சு வாங்க வாங்கத் திட்டினார். அவர் பாரம் முழுவதையும் தாங்கிக்கொண்டு, அவள் நடையைக் குறைக்காமல் நடந்தாள்.